ஊமைப்படத்தில் படிக்கும் ஜெய்சன்

பொழியூர் மீன்பிடிகாரர் நார்பர்ட்டின் மகன் ஜெய்சன் ஸ்வீடனுக்குப் படிக்கப் போய்ச் சேர்ந்த இடம், நூறு வருஷத்துக்கு முன்பு எடுத்த ஓர் ஊமைப்படம். வீட்டில் ஒன்பது மாதம் இது தெரியாது. ஞாயிறுதோறும் வீடியோ கால் வந்தது. கறுப்பு வெள்ளையில், சத்தமில்லாமல். நெட் சரியில்லை என்றாள் பெற்றவள் மேரிக்குட்டி. நார்பர்ட் நம்பவில்லை. தான் பிடித்த மீனையே செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிற ஆள் அவர். "படிக்கவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என்னவோ மறைக்கியான் ஆக்கும்" என்றார். படிப்பை விட்டுவிட்டு, வெட்கத்தில் ஊர் திரும்பாமலே இருந்துவிடுவானோ என்பதுதான் அவருடைய பயம்.

நெய்யாற்றின்கரையில் ஒரு வாசகசாலை. அதன் செயலாளர் ஜெயச்சந்திரன் சனிக்கிழமை மாலைகளில் பழைய படங்கள் போடுவார். ஸ்வீடன் படம், பல்கலைக்கழக மாணவர் கதை என்று போர்டில் கண்டதும் துப்புத் துலக்க நார்பர்ட் போனார். வெள்ளைத் தொப்பி மாணவர்கள் குடித்தார்கள், பாடினார்கள், காதலித்தார்கள். ஒருத்தன் கையிலும் புத்தகம் இல்லை. அவருக்குச் சந்தேகம் வலுத்தது. பிறகு எல்லோரும் படகேறினார்கள். கடைசி மாணவன் குனிந்து தண்ணீரைத் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தான். கடலில் இறங்குகிற வீட்டுப் பிள்ளை தவிர எவன் அப்படிச் செய்வான்? "எலே ஜெய்சா!" என்று நார்பர்ட் போட்ட அலறலில் வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஜெயச்சந்திரன் நிதானமானவர். போன வருஷம் போட்டபோது படகில் பதினொரு பேர், இப்போது பன்னிரண்டு என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். "சேட்டா, பையனைப் படத்துலேருந்து இறக்கி விடுறதுக்கு எனக்கு வழி தெரியாது" என்றார். நார்பர்ட் அவரையும் சந்தேகித்தார், மகனை அனுப்பிவைத்த ஏஜண்டையும் சந்தேகித்தார். அவர் விடாமல் கேட்டதில், மழைக்காலம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் அதே படம் பதினான்கு தடவை ஓடியது. ஒருமுறை ஜெய்சன் ஒரு பெண்ணுக்குக் குடை பிடித்தான். அந்த வாரம் அப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

பதினைந்தாம் தடவை மேரிக்குட்டியும் வந்திருந்தாள். நார்பர்ட் பொறுக்காமல் திரைக்கு முன்னால் போய் நின்றார். நடுக்கடலில் எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது. வள்ளத்துக்கு வள்ளம் தோர்த்துத் துண்டை வீசித்தான் பேசுவார்கள். தோளில் கிடந்த தோர்த்தைத் தலைக்கு மேல் இரண்டு வீச்சு வீசினார்: கரைக்கு வா. பாடிக்கொண்டிருந்த மாணவர்கள் வாயை மூடினார்கள். ஜெய்சன் தொப்பியைக் கழற்றி, மார்புக்குக் குறுக்கே மெல்ல மூன்று முறை ஆட்டினான். வலை தண்ணீரில் கிடக்கிறது, மீன் உண்டு, நீங்க போங்க, நான் பின்னால் வாறேன் என்று அர்த்தம். அந்தச் சைகையில் பொய் சொன்னவன் பொழியூரில் இதுவரை கிடையாது. நார்பர்ட் அப்படியே தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதார்.

"படிக்கியான் ஏட்டி" என்றார்.

"அது கெடக்கட்டு. பய மெலிஞ்சு போனான், பாத்தியளா?" என்றாள் மேரிக்குட்டி.

அடுத்த சனிக்கிழமை முதல் அவள் வாழையிலையில் சோறும் மீன்கறியும் பொதிந்து திரைக்குக் கீழே வைத்தாள். படம் முடியும்போது இலை காலியாக இருக்கும். பூனை தின்றிருக்குமோ என்று நார்பர்ட் முதல் வாரம் மட்டும் சந்தேகப்பட்டார். மறுவாரம் திரையில் ஜெய்சன் விரலை நக்குவதைக் கண்டபின் அதையும் விட்டுவிட்டார்.