குளியலறைத் தரைக்கு வரைந்த பூ

அந்த டைல்ஸ் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் ஸ்கேல். காதில் பென்சிலும் கையில் இரும்பு ஸ்கேலுமாகப் பன்னிரண்டு வருடம் திரிந்தால் யாருக்கும் அப்படித்தான் பெயர் விழும். தரைக்கும் சுவருக்கும் பூவேலை வரைவது அவள் வேலை. ஒரு டைலின் நான்கு ஓரமும் பக்கத்து டைலோடு கச்சிதமாகச் சேர வேண்டும். சேரவில்லையென்றால் மேலாளர் அவளைத்தான் கூப்பிடுவார். கோபக்காரி என்றும் ஒரு பெயர் உண்டு. அதை முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை.

முப்பத்தாறு வயதில் அவளுக்கு ஆள் பார்த்தது அக்கா. அக்காவுக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக்கொடுத்தவன்தான் ஆள். சொந்தக் கடை, முப்பத்தொன்பது வயது, தனிக்கட்டை.

"பேசிப் பழகிப் பாரு. பிடிச்சா மேல பேசலாம்" என்றாள் அக்கா. "போன தடவை மாதிரி, செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கிறான்னு சொல்லி வேண்டாங்காதே."

"தேய்ச்சான்க்கா."

"உனக்கு எதிர்பார்ப்பு ஜாஸ்தி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் இருவரும் சந்தித்தார்கள். கண்ணாடிக்காரன் மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தான். "எனக்குன்னு பெருசா எந்த எதிர்பார்ப்பும் இல்லைங்க" என்று ஆரம்பித்து டீ ஆறிப்போகும்வரை பட்டியல் போட்டான். வெளியிடத்தில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வர வேண்டும். வேலைக்குப் போகலாம், ஆனால் வேலையை வீட்டுக்குத் தூக்கி வரக் கூடாது. பழைய கதை எதையும் கிளறக் கூடாது.

"உங்களுக்கு என்ன எதிர்பார்ப்பு?" என்று கேட்டான்.

"பிடிக்கலைன்னா நேரா சொல்லிடணும். போனை எடுக்காம காணாமப் போயிடக் கூடாது. அவ்வளவுதான்."

எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். அப்போது அவன் மேசையில் அவள் வைத்திருந்த வரைபட நோட்டைக் காட்டி, "இது எப்படிங்க ஒண்ணோட ஒண்ணு சேருது?" என்று கேட்டான். இத்தனை வருடத்தில் எந்த ஆணும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவள் ஒரு மணி நேரம் விளக்கினாள். அவன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டான். அந்த ஒரு மணி நேரத்துக்காக மற்றதையெல்லாம் மன்னித்தாள்.

ஏழு ஞாயிறுகள் அப்படிப் போயின. ஒரு ஞாயிறு, "இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கட்டுமா? அழகா இருக்கு" என்றான். குளியலறைத் தரைக்காக அவள் அப்போதுதான் வரைந்திருந்த வட்டப் பூ அது. சந்தோஷமாகத் தலையாட்டினாள். எட்டாவது ஞாயிறு, அடுத்த வருடம் வாடகை வீடு மாறுவது பற்றி அவள் ஏதோ சொன்னபோது, அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்காது. உலகம் முடியப் போகுது. எங்க சபையில ஐயா சொல்லிட்டார்."

அவள் கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

அக்காவிடம் சொன்னபோது அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. "குடிக்கிறானா? இல்லை. கை நீட்டுறானா? இல்லை. உலகம் அழியும்னு நம்புறான், அவ்வளவுதானே? உங்க மாமா பதினைஞ்சு வருஷமா தனக்குப் பதவி உயர்வு வரும்னு நம்பிக்கிட்டு இருக்கார். நான் குடும்பம் நடத்தலையா?"

வியாழக்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் யாரோ அவள் கையில் ஒரு துண்டுத்தாளைத் திணித்தார்கள். கசக்கிப் போடப் போனவள் நின்றுவிட்டாள். தாளின் நடுவில் அவளுடைய பூ இருந்தது. கீழே கொட்டை எழுத்தில்: 'ஐயாவுக்குத் தியானத்தில் காட்டப்பட்ட வடிவம். நாற்பத்தொரு இதழ்கள். நாற்பத்தொரு நாட்கள்.' பத்து நாள் முந்தைய தேதி போட்டிருந்தது.

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. நாற்பத்தொரு இதழ்! அவள் போட நினைத்தது நாற்பது. இதழ்கள் வட்டத்தைச் சுற்றி வந்து முட்டும்போது கொஞ்சம் இடம் மிஞ்சிவிட்டது. மேலாளர் அவசரப்படுத்தியதால் அந்தச் சந்தில் ஒல்லியாக ஒரு இதழைத் திணித்து வைத்திருந்தாள், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று. அந்தத் தப்பையும் சேர்த்துத் திருடியிருந்தார்கள்.

தொழிற்சாலைக்குப் போகாமல் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவன் ஒரு பெரியவரை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்திருந்தான். அவள் தாளை எழுத்துப் பலகையின் மேலேயே வைத்து அழுத்தினாள்.

"இதை யார் வரைஞ்சது?"

"உட்காரு. கோபமா இருக்கே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு." அதுவரை அவனை அவள் 'நீங்க' என்றுதான் சொல்லி வந்தாள்.

"வரைஞ்சது நீதான். உன் கையை வரைய வெச்சது யாருன்னு யோசிச்சியா?"

"எங்க மேலாளர். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னார்."

பெரியவர் மெல்ல எழுந்து வெளியே போனார்.

"நோட்டுக்காகத்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்தியா?"

"ஆரம்பத்துல இல்லை. படத்தைப் பார்த்ததும் ஐயா சொன்னார், வரையிற பொண்ணையும் கூட்டிட்டு வான்னு." அவன் ஒரு அடி முன்னால் வந்தான். "உன்கிட்ட நான் உண்மையா எதிர்பார்த்தது ஒண்ணுதான். கடைசி நாள்ல நீ என் பக்கத்துல நிக்கணும்."

அவன் மனதாரச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொய்யன் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தலைமுழுகியிருக்கலாம். இவன் அவளைத் திருடிவிட்டு, அதையே அன்பு என்று நம்பிக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை வர்றேன். உங்க ஐயாவைப் பார்க்க."

அவன் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சபை கூடியது ஒரு வாடகைக் கூடத்தில். இருநூறு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் அவளுடைய பூவைத் துணியில் ஆள் உயரத்துக்கு அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஐயா என்பவர் நரைத்த முடியும் தணிந்த குரலுமாக, மருந்துக் கடையில் பக்கத்தில் நிற்கிற யாரோ மாதிரி இருந்தார். அவள் மூல வரைபடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடை ஏறி ஒலிபெருக்கி முன்னால் நின்றாள்.

"இது யாருக்கும் தியானத்துல வந்தது இல்லை. நான் வரைஞ்சது. குளியலறைத் தரைக்கு. இது மேல வாளி வைப்பாங்க, துணி துவைப்பாங்க. இதுல நாளும் இல்லை, கிழமையும் இல்லை."

ஐயா சிரித்தார். "பேனாகிட்டப் போய்க் கடிதத்துல என்ன இருக்குன்னு கேட்டா, அதுக்குத் தெரியுமாம்மா? தெரியாது. ஆனா எழுதினது அதுதான்." கூட்டத்தைப் பார்த்தார். "வரைஞ்ச கையே வந்துடுச்சு, பாருங்க."

கூடம் கைதட்டியது. சிலர் அழுதார்கள்.

"நான் பேனா இல்லை!" என்று கத்தினாள். அதற்குள் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். முன்வரிசையில் கண்ணாடிக்காரன் பெருமையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓங்கி ஒரு அறை விடலாம் போல வந்தது. உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்து வந்த தன்மேலும் ஆத்திரம் வந்தது.

இறங்கி வரும் வழியில் கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. தையல்காரம்மா என்று பக்கத்தில் இருந்தவர்கள் கூப்பிட்டார்கள்.

"இந்தக் கைதானா?" என்றார். "இந்தப் பூவைப் பார்த்த அன்னைக்குத்தாம்மா எனக்கு நிம்மதி வந்துச்சு. சர்க்கரைக்குப் போடுற ஊசியை நிறுத்திட்டேன். பன்னெண்டு நாளாச்சு. மிஷினையும் நாத்தனாருக்குக் குடுத்துட்டேன். இனிமே எதுக்கு?"

ஸ்கேல் கீழே பார்த்தாள். அந்த அம்மாளின் வலது கால் வீங்கியிருந்தது. கட்டைவிரலில் சுற்றியிருந்த துணி ஈரமாக இருந்தது.

திருட்டுப்போன பூ அந்த நிமிடமே அவளுக்கு மறந்துபோனது.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"இன்னும் இருபத்தொன்பது நாள்தானேம்மா. தாங்கிடுவேன்."

கெஞ்சினாள், அதட்டினாள். அந்த அம்மாள் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஸ்கேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தை மடியில் விரித்தாள். ஒல்லி இதழின் மேல் விரலை வைத்தாள்.

"நான் சொல்ல வேண்டாம். நீங்களே பாருங்க. மத்ததெல்லாம் ஒரே அளவு. இது மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

தையல்காரம்மா தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டே வைத்துப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு இதழாக அளந்துகொண்டு வந்து, அந்த இடத்தில் நிறுத்தினார். முகத்திலிருந்த புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"சட்டைக் கையைத் தைக்கும்போது துணி மிஞ்சிப்போனா, சுருக்கு வெச்சு உள்ள தள்ளுவோம்..."

"அதேதான்மா. இடம் மிஞ்சிப்போச்சு. உள்ள தள்ளிட்டேன்."

"இது தப்பு."

"என் தப்பு. நான் போட நினைச்சது நாற்பது."

தையல்காரம்மா நிமிர்ந்து மேடையில் தொங்கிய பெரிய துணியைப் பார்த்தார். அதிலும் அந்த ஒல்லி இதழ், பெரிதாக, அப்படியே இருந்தது. "இதைக்கூடவா கவனிக்கலை, ஆண்டவனே" என்று பல்லைக் கடித்தார். பிறகு ஸ்கேலின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வாசலில் கண்ணாடிக்காரன் குறுக்கே நின்றான். "அவங்களாத்தான் முடிவு பண்ணினாங்க. நீ தலையிடாதே."

"தள்ளுப்பா. கால் வலிக்குது" என்றார் தையல்காரம்மா. அவன் தள்ளி நின்றான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு இருவரையும் சேர்த்துத் திட்டினாள். "மகளா நீங்க? கண் எங்க வெச்சிருந்தீங்க?" ஸ்கேல் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். எட்டு நாள் அங்கேயே தங்கச் சொன்னார்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தாள். "எனக்கு எதிர்பார்ப்பு ஜாஸ்திதான்க்கா. இன்னமும் ஜாஸ்தியாத்தான் இருக்கப் போகுது." அக்கா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். ஸ்கேல் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும், "அந்தக் கண்ணாடியை இனிமே நான் போட மாட்டேன்" என்று மட்டும் அக்கா சொன்னாள்.

எட்டாம் நாள் தையல்காரம்மாவை அழைத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. நாத்தனார் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்குறது என்ன பழக்கம்?"

"உலகம் முடியுதுன்னு குடுத்தாங்க. முடியப் போறதில்லை. மிஷினை எடுங்க" என்றாள் ஸ்கேல். அவள் நின்ற நிற்பைப் பார்த்து நாத்தனார் கதவை முழுசாகத் திறந்தாள். மிஷினை ஸ்கேலும், கீழ்த்தளத்திலிருந்து வந்த ஒரு தச்சரும் படி படியாக இறக்கினார்கள். தையல்காரம்மா மேலே நின்றுகொண்டு, "சக்கரத்துல இடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

தொழிற்சாலையில் அவள் அந்தப் பூவை நாற்பது இதழாகத் திருத்திக் கொடுத்தாள். மேலாளர், "பழையதையே விடலாமே, ஊரே பேசுது" என்றார். அவள் பார்த்த பார்வையில் திருத்தியதையே வாங்கி வைத்துக்கொண்டார்.

அவள் கோபம் ஆறவில்லை. அந்தக் கூடத்தில் இன்னும் இருநூறு பேர் இருந்தார்கள். சனிக்கிழமை காலை அவள் கூடத்து வாசலில் ஒரு மேசை போட்டாள். இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தாள், தப்பான பூவும் திருத்திய பூவும். முதல் வாரம் ஒருவரும் நிற்கவில்லை. கண்ணாடிக்காரன் தலையைத் திருப்பிக்கொண்டு போனான். இரண்டாவது வாரம் ஒரு தம்பதி நின்று பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பிப் போனார்கள். மூன்றாவது வாரம், கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு தையல்காரம்மாவும் வந்து உட்கார்ந்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இங்க வா, இதை எண்ணிட்டுப் போ" என்றார்.