அடிவாரம் வரைக்கும்

பஸ் நிறைய ஆள் இருக்கும்போதுதான் சிவக்குமாருக்கு அது முதலில் வந்தது.

ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகும் மினி பஸ்ஸைப் பல வருடமாக ஓட்டுகிறவன் அவன். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். எதிரே ஜீப் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டிய ரோடு. அன்று காலை பனிகூட இல்லை. திடீரென்று நெஞ்சை யாரோ உள்ளேயிருந்து பிடித்துக் கசக்கினாற்போல் இருந்தது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சு தொண்டையோடு நின்றது. எப்படியோ வண்டியை மேட்டோரம் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கூடையைச் சீட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள் அவன் ஊர்க்காரி பாவாயி. “என்ன சாமி, நெஞ்சு வலிக்குதா?”

“என்னால ஓட்ட முடியலீங்க. எல்லாரும் எறங்கிக்கங்க.”

கண்டக்டர் மரியஜோசப் ஒரு ஜீப்பை நிறுத்தி அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இதயம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். அதைக் கேட்டு சிவக்குமாருக்கு நிம்மதி வரவில்லை, அவமானம்தான் வந்தது. ஒன்றுமில்லாததற்கா அத்தனை பேரை நடுவழியில் இறக்கிவிட்டோம்?

அதற்குப்பிறகு டீக்கடையில் வந்தது, சாப்பிடும்போது வந்தது. முதலாளி வேறு டிரைவரைப் போட்டார். ஊரில் அவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மனைவி கவிப்பிரியா சேர்வராயன் குகைக்கோயிலுக்கு அழைத்துப்போனாள். குகைக்குள் குனிந்து நுழைந்து கும்பிடக் கை கூப்பியபோதே மூச்சு அடைத்தது. பின்னால் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். சாமி சன்னிதியிலும் நிற்க முடியாதவனாகிவிட்டேனே என்று அன்றெல்லாம் மருகினான்.

மறுபடி டாக்டரிடம் போனபோது, சேலத்திலிருந்து மாதம் ஒருமுறை அங்கே வரும் மனநல ஆலோசகர் சுகுணாவைப் பார்க்கச் சொன்னார்.

“எனக்குப் பைத்தியமுங்களா?” என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

“இல்லீங்க. இதுக்குப் பேர் பேனிக் அட்டாக். சாகப்போற மாதிரியே இருக்கும், ஆனா உசுருக்கு ஒண்ணும் ஆகாது. அது வந்ததும் என்ன பண்றீங்க?”

“எந்திரிச்சு ஓடிர்றனுங்க.”

“ஓடுனா சரியாயிடுதா?”

“அப்போதைக்குச் சரியாயிருதுங்க.”

“அதனாலதான் அடுத்த தடவையும் ஓடச் சொல்லுது. ஓடாம இருந்து பாத்தீங்கன்னா, அது ஏறி, கொஞ்ச நேரத்துல தானா தணியும்.”

எப்போதிலிருந்து தூக்கம் போயிற்று என்று அவள் கேட்டாள். அண்ணன் போனதிலிருந்து என்றான் அவன். அண்ணன் முனியப்பன் காப்பி காயப்போட்ட களத்தில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தது போன வருடம். காரியம் முடிந்த மறுநாளே இவன் டூட்டிக்குப் போனான். அழவேயில்லை. அதைச் சொன்னபோதுதான் குரல் உடைந்தது.

சும்மா இருக்கும்போதே மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டுப் பழகச் சொன்னாள் சுகுணா. வேளைக்குப் படுக்க வேண்டும், காலையில் நடக்க வேண்டும், ஓயாமல் குடிக்கும் டீயைக் குறைக்க வேண்டும். முக்கியமாக, வாரா வாரம் சேலத்துக்கு வந்து தன்னைப் பார்க்க வேண்டும். சேலம் போக மலைப்பாதை முழுக்கப் பஸ்ஸில் உட்கார வேண்டுமே.

முதல் வாரம் பாதி மலையிலேயே விசிலடிக்கச் சொல்லி இறங்கிவிட்டான். கவிப்பிரியாவும் பின்னாலேயே இறங்கினாள். ரோட்டோரத்திலேயே அவளுக்கு ஆற்றாமை பொங்கியது.

“உங்களுக்கு மட்டுந்தான் பயமுங்களா? நீங்க ராத்திரி பொரளறப்பெல்லாம் நானும் முழிச்சுத்தான் கெடக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றீங்களா?”

இருவரும் மேலே வீட்டுக்கு நடந்தார்கள்.

அடுத்த வாரம் பஸ் ஏறியதும் அவனே சொன்னான், “எறங்கணும்னு சொல்லுவேன். நீ விடாத.”

வளைவுகளில் பஸ் சாயச் சாய அது வந்தது. நெஞ்சு படபடத்தது, காது அடைத்தது. “எறங்கிரலாம் கவி.” அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “மூச்ச விடுங்க. இன்னும் மெதுவா.” கண்ணில் நீர் வழிந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அடிவாரம் வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆனால் நெஞ்சின் அடி குறைந்திருந்தது. பயம் போகவில்லை, களைத்துப்போயிருந்தது.

பிறகு எல்லா வாரமும் அப்படி அமையவில்லை. சில நாள் இறங்கினான். சில நாள் பஸ் ஸ்டாண்டுக்கே போகவில்லை. ஒருநாள் மரியஜோசப், ஸ்டாண்டில் நின்றிருந்த மினி பஸ்ஸைக் காட்டி, “சும்மா ஏறி ஒக்காருங்கண்ணா,” என்றான். ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். இஞ்சின் ஓடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று பிடித்துக்கொண்டே இருந்தான். ஆட்கள் ஏறத் தொடங்கியதும் இறங்கி, செம்மநத்தத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தான்.