நகுல் வரும் விமானம்

விமானம் மத்தியானம்தான். ஆனால் ஷ்ருதி விடிந்ததுமே குளித்து, புது சல்வாரைப் போட்டுக்கொண்டு, மும்பை மாதுங்கா வீட்டின் பால்கனிக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

“உட்காருடி! அவன் இன்னும் துபாயே தாண்டியிருக்க மாட்டான்,” என்றாள் அம்மா சாதனா. சொன்னாளே தவிர, அவளும் பாலைப் பொங்கவிட்டுவிட்டுத்தான் நின்றிருந்தாள்.

வருகிறவன் நகுல், ஷ்ருதியோடு ஒரே பிரசவத்தில் பிறந்தவன். ஜெர்மனியில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகாமல் போனபோது அம்மா ஷ்ருதியை அழைத்துக்கொண்டு மும்பை வந்துவிட்டாள். நகுல் அப்பா நிகிலோடு ஃபிராங்க்பர்ட்டிலேயே இருந்துவிட்டான். பத்து வயது அப்போது; மூன்று வருஷம் ஆயிற்று. அங்கே ஒரு கோர்ட், இங்கே பாந்த்ராவில் ஒரு கோர்ட். கடத்திக்கொண்டு போனாள், பிடித்து வைத்துக்கொண்டான் என்று வக்கீல்கள் எழுதித் தள்ளினார்கள். நடுவில் இரட்டையர் ஃபோனில் பேசிக்கொள்வதுகூட நின்றுபோயிற்று.

போன மழைக்காலத்தில் பாந்த்ரா ஜட்ஜ் ஷ்ருதியைத் தனியாக வரச்சொன்னார். கோர்ட்டில் குழந்தைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஆஸியா, தாராவிக்காரி, வராந்தாவில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மைக்காவயும் பேசாண்டாம், அப்பாக்காவயும் பேசாண்டாம் புள்ள. அதுக்கு வக்கீலுவ இருக்காவ. ஒனக்கு என்ன வேணுமோ, அதச் சொல்லு.”

ஷ்ருதி உள்ளே போய்ச் சொன்னாள்: “நான் அம்மாகூடத்தான் இருப்பேன். ஆனா லீவுக்கு எனக்கு நகுல் வேணும்.”

ஜெர்மனியில் ஜட்ஜ் கேட்டபோது நகுலும், அப்பாவோடு இருக்கிறேன், லீவுக்கு ஷ்ருதி வேண்டும் என்றானாம். வக்கீல் அதைச் சொன்னபோது சாதனா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று சாயங்காலமே நிகிலை அவளாகக் கூப்பிட்டுப் பேசினாள். முதலில் நகுலின் ஈஸ்டர் லீவுக்கு மும்பை, அதற்குப் பிறகு வரும் ஷ்ருதியின் தீபாவளி லீவுக்கு ஜெர்மனி என்று முடிவாயிற்று. இரண்டு கோர்ட்டும் அதையே உத்தரவாகப் போட்டன.

விமான நிலையத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் ஷ்ருதி எம்பி எம்பிப் பார்த்தாள். தமிழை மறந்திருப்பானோ? என்ன பேசுவது? அதற்குள் கண்ணாடி போட்ட ஒரு நெட்டைப் பையன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தான்.

“ஏய், நீ ஏன் இவ்ளோ குட்டையா ஆயிட்டே?”

“அரே, நீதான்டா ஒட்டகம் மாதிரி வளந்திருக்கே!”

இருவரும் குதித்த குதியில் வழியில் போனவர்கள் ஒதுங்கினார்கள். பின்னால் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்த அப்பாவின் கழுத்தை ஷ்ருதி கட்டிக்கொண்டாள்.

நிகில் சாதனாவின் எதிரில் நின்று, நகுலின் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான். “நீயே வெச்சுக்கோ. லீவு முடியறதுக்குள்ள திடீர்னு இவனை அழைச்சிண்டு போயிடுவேனோன்னு உனக்குத் தூக்கம் வராது.”

ஷ்ருதி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பாஸ்போர்ட் என்றாலே இவர்கள் குரல் உயரும்.

அம்மா அதை வாங்கி, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். “உன்கிட்டயே இருக்கட்டும். தொலைச்சுடாதே, அவ்வளவுதான்.”

நிகில் தலையாட்டினான். “செம்பூர்ல அக்கா ஆத்துலதான் இருப்பேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் என்கூட.”

அவன் தனியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனது ஷ்ருதிக்குச் சுருக்கென்றது. நகுல் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

“பயங்கரமாப் பசிக்கறது. நெய் தோசை! டாக்ஸில ஜன்னல் சீட் எனக்கு!”

“முடியவே முடியாது!”

இரண்டும் பாய்ந்தன. “ஓடாதீங்கோ!” என்று கத்திக்கொண்டே சாதனாவும் ஓடினாள்.