டியும் டீயும்

ஆய்வகத்தில் அவளுக்கு லேபிள் என்று பெயர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. குப்பியில் பெயர் எழுதாமல் யார் குளிர்பெட்டியில் வைத்தாலும், அது இயக்குநரே ஆனாலும், குப்பி குப்பைக்குப் போகும், ஆள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். அவள் எழுதுவது தமிழில்தான். ஏன் என்று கேட்டால், தன் கையெழுத்து தமிழில்தான் பார்க்கும்படி இருக்கும் என்பாள்.

எதிர் மேசை அவள் கணவருடையது. பதினோரு வருடமாக ஒரே ஒரு புரதத்தைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறார். பாக்டீரியாவுக்குள் புதுப் புரதங்கள் உருவாகும் இடத்துக்கு ஒவ்வொரு செங்கல்லாகச் சுமந்து போகிற கூலியாள் அது. சுமை தூக்க வேண்டுமானால் அதன் கையில் ஜிடிபி என்றொரு துளி மூலக்கூறு இருக்க வேண்டும், மூன்று பாஸ்பேட் கொண்ட வாலோடு. செங்கல் சரியான இடத்தில் பொருந்தியதும் வாலில் ஒரு துண்டு முறியும். ஆள் சுமையை விட்டுவிட்டு, மிச்சம் இரண்டு பாஸ்பேட்டோடு வெளியே வந்துவிடுவான். அந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு துரும்பைக்கூடத் தூக்க மாட்டான். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால்தான் கருத்தரங்கில் அவர் பேச எழுந்தால் பாதியிலேயே முக்கால்வாசிப் பேர் காப்பி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். லேபிள் மட்டும் கடைசிவரை இருப்பாள். ப்ரொஜெக்டரை அணைப்பது அவள் வேலை.

தங்கையின் பிரசவத்துக்காக அவள் மூன்று வாரம் விடுப்பு எடுத்தாள். கிளம்புவதற்கு முன் கணவருக்காக இரண்டு குப்பிகளில் கலவை தயாரித்து வைத்தாள். ஒன்றில் மூன்று பாஸ்பேட்காரன், இன்னொன்றில், ஒப்பிட்டுப் பார்க்க, புதிதாக வாங்கிய இரண்டு பாஸ்பேட்காரன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நடு எழுத்து வேறு, மூன்றுக்காரனுக்கு T, இரண்டுக்காரனுக்கு D. தமிழில் எழுதினால் இரண்டுமே ஜிடிபி. லேபிள் ஒரு நிமிடம் யோசித்தாள். மூன்றுக்காரன் ஆறு வருடமாக அவள் பெட்டியில் ஜிடிபி என்ற பெயரில் குடியிருப்பவன், அவன் பெயரில் கை வைப்பது முறையல்ல. புதிதாக வந்தவனுக்கு ஒரு சுழி கூடுதலாகப் போட்டு ஜிடீபி என்று எழுதினாள். பிரமாதமான யோசனை என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. லேபிள் எதற்கு இருக்கிறது?

திரும்பி வந்தபோது கணவர் ரயில் நிலையத்துக்கே வந்திருந்தார். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். கல்யாணமான புதிதில் வாங்கியதோடு சரி.

"நம்ம ஆளு ரெண்டை வெச்சுக்கிட்டே சுமை தூக்கறான்," என்றார். "மூணைக் குடுத்தா படுத்துக்கறான். மூணு தடவை செஞ்சு பாத்துட்டேன்."

"அது எப்படிங்க?"

"கொதிக்கிற தண்ணில வாழ்ற பாக்டீரியா இல்லையா? அதுக்கு எல்லாமே தலைகீழா இருக்கு. புதன்கிழமை பதினோரு மணிக்குப் பேசறேன். பெரிய ஹால் குடுத்திருக்காங்க."

குழந்தை யார் சாடை என்று அவர் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்த மனிதரிடம் அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் அவருடைய குறிப்பேட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே இருந்தது: 'ஜிடீபி, அதாவது மூன்று.' இரண்டு குப்பிகளிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்து, மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் இயந்திரத்தில் விட்டாள். அரை மணி நேரத்தில் இயந்திரம் சொல்லிவிட்டது. அவள் எழுதியபடியேதான் இருந்தன. சுழி போட்டதில் இரண்டு, சுழி போடாததில் மூன்று. கொதிநீர் பாக்டீரியா எதையும் தலைகீழாகச் செய்யவில்லை. பாடப்புத்தகத்தில் உள்ளதை ஒழுங்காகச் செய்திருந்தது.

சாயங்காலம் அவர் சமையலறையில் மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே குளிர்பெட்டியைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். லேபிள் வெங்காயம் நறுக்கினாள். அழுவதற்கு அது வசதியாக இருந்தது. சொல்லாமல் விட்டால் நாளைக்குக் கைதட்டுவார்கள். ஆறு மாதத்தில் எவனாவது அதையே செய்து பார்ப்பான், அப்புறம் ஊர் உலகமெல்லாம் சிரிக்கும். சொன்னால், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நிற்கிற மனிதரை உட்கார வைத்த பாவம் அவளுக்கு. கூடவே, லேபிள் என்ற பெயரும் காற்றில் போகும்.

"எப்படி இருக்கு?" என்றார் அவர்.

"சட்டை நல்லா இருக்குங்க."

"பேச்சக் கேட்டேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "என்னங்க, டீன்னா என்ன?"

"குடிக்கிறது. ஏன், போடறியா?"

"குப்பியில எழுதியிருந்தேனே, அந்த டீ."

"அதே டீதான். இங்கிலீஷ்ல டீன்னு ஒரு எழுத்து இருக்கில்ல? மூணு பாஸ்பேட்டு. இது தெரியாதா எனக்கு?"

"நான் அத ரெண்டுக்கு வெச்சேங்க. மத்தியானம் மெஷின்ல போட்டும் பாத்துட்டேன்."

இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே நின்றது. லேசாகப் புகை வந்தது. அவர் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

"மூணு தடவையும் அதே குப்பிதான் எடுத்தேன்," என்றார்.

வெங்காயம் அப்படியே கிடந்தது.

காலையில் அவர் அதே சட்டையைப் போட்டு, விலாப் பக்கம் இஸ்திரி சுட்ட பழுப்புக் கறை தெரியாமல் மேலே கோட்டு போட்டுக்கொண்டார். பேச்சை ரத்து செய்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். செய்யவில்லை. ஹால் நிரம்பி வழிந்தது. லேபிள் கடைசி வரிசையில், ப்ரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் படத்தில் தலைகீழ் முடிவு வந்தது. நல்லவேளை நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தது, இறுகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த படத்தில் அவளுடைய இரண்டு குப்பிகள் சுவர் அளவுக்குப் பெரிதாக வந்தன. கையெழுத்து பார்க்கும்படியாகத்தான் இருந்தது.

"இதுதான் என் கண்டுபிடிப்பு," என்றார் கணவர். "சுழி போட்டதுல இருந்தது ரெண்டு. நான் மூணுன்னு படிச்சுட்டேன். எழுதினவங்க ஒழுங்காத்தான் எழுதியிருந்தாங்க. தப்பு என்னோடது."

இயக்குநர் உட்பட அத்தனை தலைகளும் ஆமோதித்தன. அவர் தப்பு செய்தார் என்றால் யாருக்கும் நம்ப முடியாத விஷயம் இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் லேபிள் லேபிளாகவே இருந்திருக்கலாம். அவள் எழுந்து நின்றாள்.

"அவர் தப்பு இல்லை. டீன்னு எழுதினா யாரா இருந்தாலும் டீன்னுதான் படிப்பாங்க. எழுதினது நான். தப்பு என்னோடது."

"நீ உக்காரு. நான் கேட்டிருக்கணும்."

"நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேரும் மாத்தியிருந்தா முடிவு சரியா வந்திருக்கணுமே. யாரோ ஒருத்தர்தான். வீட்ல போய் முடிவு பண்ணுங்க."

ஹாலே சிரித்தது. கணவரும் சிரித்தார். பிறகு மீதி இருந்த நாற்பது நிமிடமும், எப்போதும் பேசுகிற அதே கூலியாளைப் பற்றி, எப்போதும் பேசுகிறபடியே பேசினார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது பேருந்து நிறுத்தம் வரை அவர் இரண்டடி முன்னாலேயே போனார். இனிமேல் இந்த மனிதர் தன்னோடு பேசவே மாட்டார் என்று அவள் ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டாள்.

"கவனிச்சியா?" என்றார் அவர். "இன்னிக்கு ஒருத்தர்கூட எழுந்து போகல."

"கவனிச்சேன். கேன்டீன்ல காப்பி மிஞ்சிப் போச்சாம். திட்டறாங்க."

அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். "குழந்தை யார் சாடை?" என்று கேட்டார்.