உட்காரக் கூடாத கடை

மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்த அட்டைப்பெட்டியை மேற்பார்வையாளன் எட்டி உதைத்தான். அதன்மேல் வலது காலைத் தூக்கி வைத்து நின்றிருந்த அக்கா, விழாமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். சட்டைத்துணிப் பிரிவில் அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பதினாறு வருடமாக, காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறாள். விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம்; முதலாளியின் நாய் உட்காரலாம். கெண்டைக்காலில் நரம்புகள் மண்புழுவாகச் சுருண்டு, கணுக்கால் தோல் கறுத்துவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் ஆறாத புண்ணாகிவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார்.

“கத்தி வேணாம்மா. மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிசா ஒரு குழாயை உள்ள விட்டு, லேசர் சூட்டுல அந்த நரம்பை மூடிடுவோம். அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். நடக்கணும், ரொம்ப நேரம் நிக்கத்தான் கூடாது.”

இதை அப்படியே மேற்பார்வையாளனிடம் ஒப்பித்ததுதான் அவள் செய்த மடத்தனம். பெரிய ஆபரேஷன் என்று புளுகியிருந்தால் ஒரு வாரம் கொடுத்திருப்பான்.

“அன்னைக்கே நடக்கலாம்னா மறுநாள் வந்து நில்லு. ஊசி குத்துறதுக்கெல்லாம் லீவா?”

இரண்டு தேதி அப்படியே தவறிப்போனது. மூன்றாவது தேதி நாளை.

“நாளைக்கு நான் வர மாட்டேன்” என்றாள்.

“அப்ப இனிமே வரவே வேணாம்.” பெட்டியை மறுபடி உதைத்தான். குறி தப்பி, பூட்ஸ் முனை அவள் கணுக்காலில் இறங்கியது. கறுத்த தோல் கிழிந்து ரத்தம் பீய்ச்சியடித்தது.

“துணியில படாம தள்ளி நில்லுடி.”

துணி அளக்கும் இரும்புக் கோலை எடுத்து அவன் முகத்தில் விளாசினாள். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. இன்னொன்று தோளில். பதினாறு வருடக் கோபத்துக்கு இரண்டு அடி யானைப் பசிக்குச் சோளப்பொரி. மூன்றாவதை ஓங்கும்போது கண் இருட்டி, கோல் நழுவ, தரையில் சரிந்தாள்.

பக்கத்துப் பிரிவுப் பெண்கள் பதறி ஓடிவந்து அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். ரத்தம் இன்னும் வேகமாகக் கொட்டியது.

“நிக்க வைக்காதீங்கடி, படுக்கப் போடுங்க. காலைத் தூக்கிப் பிடிச்சு அழுத்துங்க. யாராவது வண்டி கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போறதை இன்னைக்கே போறேன்” என்றாள் அக்கா.

ஒருத்தி தரையில் உட்கார்ந்து, அவள் குதிகாலைத் தன் தோளில் ஏற்றி, புதுத்துணியைக் கிழித்துக் காயத்தை அழுத்தினாள். இன்னொருத்தி உட்கார்ந்து தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். மேற்பார்வையாளன் மூக்கு ரத்தம் வழிய வழிய, விழுந்த கோலைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

“எந்திரிங்கடி எல்லாரும்.”

யாரும் எழவில்லை. வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்த பில் போடும் பெண்ணும் அவர்கள் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். யாரிடமிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அவன் ஓங்கிய கோலோடு நின்றுகொண்டிருந்தான்.