அறுந்த முத்திரை

திராட்சை அறுவடை முடிந்து, தாரிகா ஊரின் சாராய ஆலைகளெல்லாம் மும்முரமாக வடித்துக்கொண்டிருந்த மாதம். கசியானோவின் ஆலையில் போன வருடத்தைவிட பீப்பாய்கள் கூடியிருந்தன. எரிவாயுச் செலவோ குறைந்திருந்தது. "போய்ப் பாரு, யாரு சொல்றதையும் நம்பாதே" என்று சொல்லித்தான் எரிவாயு நிறுவனத்து மேலாளர் நீவெஸை அனுப்பினார். ஆலைகளின் மீட்டர்களைச் சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றி, சோதித்துப் பார்ப்பது அவள் வேலை.

கசியானோ வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க இன்ஜினியரம்மா! கறி அடைச்ச சால்தேன்யா சூடா இருக்கு, மொதல்ல ஒண்ணு சாப்பிடுங்க. மீட்டர் எங்க ஓடிப் போயிரப் போகுது?"

போன முறை குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இந்த உபசாரம் அவளை உறுத்தியது. "வேலை முடியட்டும் ஐயா" என்று கொதிகலன் அறைக்குப் பின்பக்கம் போனாள். கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் எவாரிஸ்தோ கூடவே வந்தார். கன்னத்தில் கோக்கா இலையை அடக்கியபடி, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். அவள் குனிந்தால் அவரும் குனிந்தார்.

மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எண்ணெய் மூடியைக் கட்டியிருந்த ஈய முத்திரையின் கம்பி அறுபட்டு, மறுபடி முறுக்கிவிடப்பட்டிருந்தது. அறுபட்ட இடம் தெரியாதபடி மேலே கிரீஸ் வேறு.

"இதை யாரு அறுத்தது?"

"காத்துல அறுந்திருக்கும்."

"காத்துக்கு கிரீஸ் பூசவும் தெரியுமா அண்ணே?"

எவாரிஸ்தோ இலையை மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

முதலாளி சொல்ல இவர் செய்திருக்கிறார் என்றே நீவெஸுக்குத் தோன்றியது. திரும்பினால், தூணோரம் கசியானோ கைபேசியில் அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவள் பார்த்ததும் பேச்சு நின்றது.

மீட்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்தாள். வித்தியாசம் அதிகமாக இருந்தது; உள்ளே சுழலும் உருளைகளை ஏதோ இழுத்துப் பிடித்தது. எண்ணெய்க் கண்ணாடியைத் துடைத்தாள். பாதியளவு நிற்க வேண்டிய எண்ணெய் விளிம்பு தட்டி நின்றது. கொதிகலனை அணைக்கச் சொல்லி, வாயுவை மூடி, எண்ணெயை வடித்தாள். அது அவள் போன முறை ஊற்றிய எண்ணெயே இல்லை. விரலில் தேய்த்து முகர்ந்தாள்: தையல் மெஷின் எண்ணெய். வழிந்து உள்ளே இறங்கி, குழாய்த் தூசியோடு சேர்ந்து உருளைகளில் பசையாக அப்பியிருந்தது. அவை மந்தமாகச் சுற்றியதால்தான் வாயு கணக்கில் குறைந்தது.

திருட நினைப்பவன் மீட்டருக்கு எண்ணெய் ஊற்றுவானா?

"அண்ணே, வீட்ல தையல் மெஷின் இருக்கா?"

எவாரிஸ்தோ சுவரைப் பார்த்தார். "சம்சாரத்தோடது... இது விசில் மாதிரி கத்துச்சும்மா. முன்னாடி நான் இருந்த செங்கல் சூளையிலயும் இப்படித்தான் கத்திக் கத்தி, ஒரு நாள் இறுகி நின்னுருச்சு. வாயு வராம சூளை முழுக்க வெந்தும் வேகாமலும் போச்சு. பழி என் தலையில."

"எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"நீங்க வந்தா ஆலையை நிறுத்துவீங்க. நிறுத்துனா முதலாளி யாரைக் கேப்பாரு?"

அவள் பாதி நம்பினாள். அதற்குள் கசியானோ பாய்ந்து வந்தார்.

"யாருடா உனக்குக் காசு குடுத்தது? எனக்கு அபராதம் போடணும்னு கம்பெனிக்காரனே செய்யச் சொன்னானா? வக்கீல்கிட்டப் பேசிட்டேன், ஒருத்தரையும் விட மாட்டேன்!"

எவாரிஸ்தோவின் முகம் வெளுத்ததைப் பார்த்தபோதுதான் நீவெஸ் மீதிப் பாதியையும் நம்பினாள்.

உருளைகளைக் கழுவி, சரியான எண்ணெய் ஊற்றி, புது முத்திரை கட்டிச் சோதித்தாள். மீட்டர் சரியாக ஓடியது. மேலாளரை அழைத்து, "திருட்டு இல்ல சார், பயத்துல செஞ்ச வேலை" என்றாள்.

"ஓஹோ. விருந்து பலமோ?"

மறுநாளே நிறுவனத்திலிருந்து வேறு இருவர் வந்து மீட்டரைச் சோதித்தார்கள். நீவெஸையும் குடைந்து குடைந்து கேட்டார்கள். அவள் சொன்னதே சரியென்று ஆனது. கணக்கில் விடுபட்ட வாயுவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அபராதத்தை விட்டுவிட்டார்கள். அவளிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

கசியானோ மீட்டரைச் சுற்றி இரும்புக்கூண்டு போட்டுப் பூட்டினார். எவாரிஸ்தோவைப் பாட்டில் கழுவும் இடத்துக்கு மாற்றினார்.

அடுத்த முறை நீவெஸ் போனபோது கொதிகலனில் ஒரு புது ஆள் இருந்தார். மீட்டரில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டாள்.

"சத்தமா? யாருக்குத் தெரியும்! எனக்கெதுக்கும்மா வம்பு, நான் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கறதில்ல."