இடுப்பில் மூன்று தையல்

தையற்காரிக்குக் கண்தான் டேப் என்று அந்தத் தெருவில் பேச்சு. கடைப்படி ஏறி வருவதற்குள் வருகிறவளின் இடுப்பு எத்தனை, தோள் எத்தனை என்று சொல்லிவிடுவாள். டேப்பை எடுத்துச் சுற்றுவதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்கு. அந்தக் கண்ணைத்தான் இப்போது பிடுங்கி எறியலாமா என்று இருந்தது அவளுக்கு.

பல வருஷமாக அவளிடமே தைத்துக்கொண்டிருந்த டீச்சர் இறந்து நான்கு மாதம் கழித்து, டீச்சரின் மகள் ஒரு பை நிறையப் பாவாடைகளோடு வந்தாள்.

"அம்மாவோடதுக்கா. என் அளவுக்குப் பிடிச்சுக் குடுங்க. தூக்கிப் போட மனசு வரலை." பையை மேசைமேல் வைத்தாள். "சினைப்பையில புத்துநோய்னு தெரிஞ்சப்ப எல்லா இடத்துலயும் பரவிடுச்சு. எப்ப ஆரம்பிச்சதுன்னு எங்க யாருக்குமே தெரியலைக்கா."

"எனக்கும் ஒண்ணும் தெரியாதும்மா" என்றாள் தையற்காரி. யாருமே கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை.

மகள் போனபிறகு சாம்பல் நிறப் பாவாடையை உள்புறமாகத் திருப்பினாள். இடுப்பின் ஓரத்தில் பழைய ஊசித்துளைகள் மூன்று வரிசையாக இருந்தன. தையலைப் பிரித்துவிடலாம், துளையை என்ன செய்ய முடியும்? மூன்று தடவையும் பிரித்தது அவள் கைதான். பள்ளி திறந்தபோது ஒன்று, ஐந்து வாரம் கழித்து ஒன்று, அதற்கும் மூன்று வாரம் கழித்து ஒன்று.

"ஒரு விரல் விட்டுக் குடேன்" என்பாள் டீச்சர். "ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு முட்டிக்குது, ஆனா பெருத்துக்கிட்டே போறேன். இந்தக் கூத்தை எங்க சொல்ல? பாத்ரூமுக்கு நடந்தே கால் தேயுது."

"நாற்காலியை விட்டு எழுந்திருக்காம இருந்தா வயிறு போடாம என்ன செய்யும் டீச்சர்?" இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதே கையோடு டீச்சரின் ரவிக்கைக் கையைப் பிடித்தும் தைத்தாள். புஜம் இளைத்துத் தொளதொளவென்று ஆகியிருந்தது. கை இளைக்கிறது, வயிறு மட்டும் ஏறுகிறது. இரண்டையும் அளந்தவள் அவள் ஒருத்திதான். அளந்து, வெளியே தெரியாமல் தைத்தும் கொடுத்தாள். வீட்டில் ஒருவர் கண்ணிலும் படாத அளவுக்குச் சுத்தமான வேலை.

மகள் வந்துபோன நாளிலிருந்து எந்த இடுப்பில் டேப் போட்டாலும் காதருகே அந்தக் குரல் வந்தது. பட்டப்பகல், கதவு விரியத் திறந்திருக்கும், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். "ஒரு விரல் விட்டுக் குடேன்" என்று யாரோ பின்னால் நின்று சொல்வார்கள். திரும்பினால் கண்ணாடியும் துணிகளும்தான். அவள் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதனால், ஒருநாள் அதே வார்த்தை நிஜமாகவே கேட்டபோது அவள் நிமிரவில்லை.

"ஏய், காது கேக்கலையா? ஒரு விரல் விட்டுக் குடுன்னேன்."

வாசலில் பாவாடையும் கையுமாக அவள் கணவனின் அக்கா நின்றாள்.

தையற்காரி கத்தரியைக் கீழே வைத்தாள். "அண்ணி, சாப்பாடு எப்படிப் போகுது?"

"அதை ஏன் கேக்கறே, நாலு வாய்க்கு மேல இறங்கலை. அடிவயிறு கனமாவே இருக்கு. எல்லாம் வாயுதான்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் தாண்டியிருக்கும்."

"இதைப் பிரிக்க மாட்டேன். டாக்டர்கிட்ட வாங்க, ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்."

"நல்லா இருக்கே கதை! குண்டாயிட்டேன்னு சொல்லு, வாங்கிக்கறேன். சீக்குன்னு சொல்லாதே. நீ தையக்காரியா, டாக்டரா?"

"ஒண்ணும் இல்லாமலும் போகலாம் அண்ணி. இருந்தா?" யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள். "டீச்சருக்கும் இப்படித்தான் இருந்துச்சு. மூணு தடவை பிரிச்சு விட்டேன். சிரிச்சுக்கிட்டே பிரிச்சேன். இனிமே என்னால முடியாது."

ஒன்றுக்கு ஒன்பது பேசும் அண்ணி பாவாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு நீயும் கூட வா" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்கேனில் ஒரு பக்கச் சினைப்பையில் கட்டி தெரிந்தது. அறுவைசிகிச்சை முடிந்து பரிசோதனை முடிவும் வந்தது. புற்றுநோய்தான், ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "இந்த நிலையில வர்றவங்க ரொம்பக் குறைவு" என்றார் டாக்டர் அம்மா. "வயிறு உப்பறது, கொஞ்சம் சாப்பிட்டதுமே பசி அடங்கிடறது, அடிக்கடி சிறுநீர் வர்றது, இதெல்லாம் ரெண்டு மூணு வாரம் விடாம இருந்தாக் காட்டணும். யாரும் காட்டறதில்லை. நல்ல நேரத்துல வந்தீங்க."

அண்ணி கட்டிலில் படுத்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் அன்னிக்கு அதைப் பிரிச்சுக் குடுத்திருந்தேன்னா, நான் போய்ச் சேர்ந்திருப்பேன்டி."

தையற்காரி ஓவென்று அழுதுவிட்டாள். "அதான் பொழைச்சுட்டாளே, சந்தோஷத்துல எல்லாம் அழுவாங்களா?" என்று கணவன் அவள் தோளைத் தட்டினான். அழுகை நிற்கவில்லை. முன்னாலேயே யார் டாக்டரிடம் போகச் சொல்லியிருந்தாலும் டீச்சர் பிழைத்திருக்க மாட்டாள் என்ற ஒரே சமாதானத்தில்தான் இத்தனை நாளும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.